பத்து டாலர் கேமரா: கென்டக்கி மலைப் பள்ளிகளில் ஒரு பிலிம் வகுப்பு, 1976–82

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் புகைப்பட வகுப்பு என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பென்டாக்ஸ் கே1000. 1976இல் சந்தைக்கு வந்து 1997 வரை தயாரிப்பில் இருந்த கேமரா அது. உள்ளே எல்லாமே பல்சக்கரமும் சுருள்வில்லும்தான். பொத்தான் பேட்டரி ஒளிமானிக்கு மட்டும். அது செத்துப்போனாலும் ஷட்டர் விழும். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (ஒளி புகும் துளையின் அளவு) மாணவன் தானே திருக வேண்டும். அதனால் வகுப்பின் பாடவரிசையும் ஏறக்குறைய அந்தக் கேமராவின் குமிழ்களைப் பின்பற்றியே அமைந்தது. ஓடுகிறவனை உறையவைத்துக் காட்டு, பின்னணியை மங்கலாக்கிக் காட்டு, ஒரே காட்சியை மூன்று அளவு ஒளியில் எடுத்துக் காட்டு. இவை முடிந்த பிறகுதான் ‘எதை எடுப்பது’ என்ற பேச்சு.

அதே 1976இல், கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் லெட்சர் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி), இந்த வரிசையைத் தலைகீழாக்கிய ஒரு வகுப்பு தொடங்கியது. அதை நடத்தியவர் வெண்டி ஈவால்ட் என்ற புகைப்படக்காரர். மாணவர்கள் உயர்நிலைப் பள்ளிக்காரர்கள்கூட இல்லை. 6 வயதிலிருந்து 14 வயது வரையிலான பிள்ளைகள். கையில் இருந்தது கே1000 இல்லை, திருகுவதற்கு எதுவுமே இல்லாத இன்ஸ்டமாடிக். 1982 வரை நடந்த அந்த வகுப்புகளிலிருந்து வந்த படங்கள் புத்தகமாக வந்து, 2020இல் மறுபதிப்பும் கண்டன. பிலிம் நுட்பத்தைப் பள்ளியில் எப்படிக் கற்பிப்பது என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் கேமராவிலிருந்து தொடங்குகிறார்கள். லெட்சர் கவுண்டியை வைத்துப் பார்த்தால் அது தப்பான தொடக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதை நடந்ததை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

கேமராவைக் கண்டால் சினம் கொண்ட ஊர்

லெட்சர் கவுண்டி அப்பலாச்சிய மலைத்தொடரின் நிலக்கரிப் பகுதி. தலைநகர் வைட்ஸ்பர்க், சின்ன ஊர். 1963இல் அந்த ஊர் வழக்கறிஞர் ஹாரி காடில் மலைமக்களின் வறுமையைப் பற்றி எழுதிய புத்தகம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அடுத்த வருடம் ஏப்ரலில் ஜனாதிபதி ஜான்சன் அதே மலைப்பகுதியிலுள்ள மார்ட்டின் கவுண்டிக்கு வந்து, வேலையில்லாத ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணையில் குந்தி உட்கார்ந்தார். வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு அந்தப் படமே முகமானது. அந்த டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி லெட்சர் கவுண்டிக்கே வந்து கிறிஸ்துமஸ் நேர நிகழ்ச்சி ஒன்றைப் படமெடுத்துப்போனது. அப்புறம் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் தேவைப்பட்டது ஒரே படம்: உடைந்த படி, அழுக்குப் பிள்ளை, எங்கோ பார்க்கும் தாய்.

1967 செப்டம்பரில் இது விபரீதமாக முடிந்தது. ஜெரிமையா என்ற இடத்தில் வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கனடாக்காரர் ஒருவர் தலைமையிலான படக்குழு ஒன்று அவருடைய அனுமதியோடு படம்பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டின் சொந்தக்காரர் துப்பாக்கியோடு வந்து, குழுவின் தலைவர் ஹியூ ஓகானரைச் சுட்டுக் கொன்றார். கொலை தவறு என்று ஊர் சொன்னது. ஆனாலும் சுட்டவர் பக்கம் அனுதாபம் கொண்டவர்கள் குறைவில்லை. பத்தாண்டு தண்டனை பெற்று ஓராண்டிலேயே வெளியே வந்துவிட்டார்.

அதற்கு எதிர்வினைபோல 1969இல் வைட்ஸ்பர்க்கில் ஒரு திரைப்படப் பட்டறை தொடங்கியது. மலை இளைஞர்களுக்குக் கேமரா வேலை கற்றுக்கொடுத்து வேலைவாய்ப்பு உண்டாக்குவதற்காக அரசுப் பணத்தில் வந்த திட்டம் அது. கற்றுக்கொண்ட இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்த் தொலைக்காட்சியில் சேரவில்லை. உள்ளூரிலேயே இருந்து தங்கள் பாட்டன் பாட்டிகளைப் படமெடுத்தார்கள். அந்தப் பட்டறைதான் அப்பல்ஷாப். ஈவால்ட் கென்டக்கிக்கு வந்தபோது வந்து சேர்ந்த இடமும் அதுதான்.

1976 மார்ச்சில் அதே கவுண்டியின் ஸ்கோஷியா சுரங்கத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு வெடிப்புகள். 26 பேர் செத்தார்கள். மறுபடியும் வெளியூர்க் கேமராக்கள் வந்தன. அந்த வருடம்தான் ஈவால்டின் வகுப்பு தொடங்கியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்க்க வேண்டும்.

வெளியூர்க்காரி

ஈவால்டும் வெளியூர்தான். டெட்ராய்ட்டில் பிறந்தவர். 1969இல், பதினெட்டு வயதில், கனடாவின் லாப்ரடாரில் இன்னு பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் பிள்ளைகளுக்கு போலராய்டு கேமரா கொடுத்துப் படமெடுக்கக் கற்பித்தார். தாமும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தம் படங்களைவிடப் பிள்ளைகளின் படங்களே அந்த இடத்தின் வாழ்க்கைக்கு நெருக்கமாக இருந்தன என்று பின்னால் எழுதினார். தொழில்முறைப் புகைப்படக்காரராக வரப்போகிறவருக்கு இது கசப்பான பாடம். அவர் அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

கென்டக்கியில் முதலில் தாமே ஊரைப் படமெடுக்க நினைத்து வந்தவர், சீக்கிரமே பள்ளிகளுக்குப் போனார். கிங்டம் கம், கேம்ப்பெல்ஸ் பிராஞ்ச், கவன் ஆகிய மூன்று சிறு தொடக்கப் பள்ளிகள். பெரியவர்களோடும் வேலை செய்தார். அந்த வட்டாரப் புகைப்படக்காரர்களின் படங்களைத் தொகுத்து 1979இல் ஒரு நூலாகவும் கொண்டுவந்தார். ஆனால் நிலைத்தது பிள்ளைகளின் வகுப்புதான்.

விலை கொடுத்து வாங்கிய கேமரா

அவர் செய்த முதல் காரியம் கேமராவை இலவசமாகக் கொடுக்காமல் விற்றது. ஒன்று பத்து டாலர். அன்று அமெரிக்காவில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.30 டாலர் என்பதால், பெரியவர் ஒருவரின் நாலு மணி நேரத்துக்கும் மேலான உழைப்பு அது. சுரங்க வீட்டுப் பிள்ளைக்கு லேசான தொகை இல்லை. நன்கொடையாக வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று இன்று யாரும் கேட்பார்கள். ஆனால் கேமரா பள்ளியின் சொத்தாக இருந்தால் மணியடித்ததும் அலமாரிக்குத் திரும்பிவிடும். சொந்தமாக இருந்தால் ராத்திரி வீட்டில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போகும், தொழுவத்துக்குப் போகும். இந்தப் படங்களில் கணிசமானவை பள்ளி நேரத்தில் எடுக்க முடியாதவை. அந்தப் பத்து டாலரை நான் கட்டணமாகப் பார்க்கவில்லை. வகுப்பின் முதல் நுட்பப் பாடமே அதுதான் என்பேன்.

இன்ஸ்டமாடிக்கை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடாக் 1963இல் கொண்டுவந்த எளிய கேமரா வரிசை அது. நம் ஊரில் ஆக்ஃபா கிளிக் 3 வகித்த இடத்தை அங்கே அது வகித்தது. சுருளைக் கோத்து மாட்டும் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜை உள்ளே போட்டு மூடினால் போதும். 126 என்று பெயரிட்ட அந்த கார்ட்ரிட்ஜில் படம் சதுரமாக, சுமார் 28 மி.மீ அளவில் விழும். முதலில் வந்த மாடலில் அபெர்ச்சர் எஃப்11, ஷட்டர் ஒரு நொடியில் 90இல் ஒரு பங்கு. அவ்வளவுதான்; இரண்டையும் மாற்ற முடியாது. ஃபோகஸும் கிடையாது, நாலடிக்கு அப்பால் எல்லாம் ஓரளவு தெளிவாக விழும். எளிய மாடல்களில் தானாகப் படமெடுக்கும் டைமரும் இல்லை. 1970க்குள் 5 கோடிக்கு மேல் தயாரானது இந்தக் கேமரா. பிறந்தநாள் கேக்கை எடுப்பதற்காகவே உண்டான பொருள் என்று கேலி பேசுவார்கள்.

இதை வைத்து நுட்பம் என்று எதைக் கற்பிப்பது?

இருப்பதெல்லாம் மூன்று: எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது, சதுரத்துக்குள் எதை விடுவது. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேமராவின் ஒரு குறை உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் போதாவிட்டால் அபெர்ச்சரைத் திறக்க முடியாது. ஆகவே பிள்ளை ஆளைத் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு நகர்த்த வேண்டும், இல்லையென்றால் வேறு நேரத்தில் வரவேண்டும். நாலடிக்குள் போனால் கலங்கிவிடும். ஆகவே முகம் மட்டும் வேண்டுமென்றாலும் முழு ஆளும், ஆளைச் சுற்றியுள்ள இடமும் சேர்ந்தே வரும். வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே தனியாக இருப்பதால், பக்கத்தில் போய் எடுக்கும்போது கண் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது; தலை வெட்டுப்படும். முதல் சுருள் கழுவி வந்ததும் பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும் பாடம் இது. சதுரமாக இருந்ததில் ஒரு லாபம் உண்டு. நெடுக்காகப் பிடிப்பதா, கிடையாகப் பிடிப்பதா என்ற கேள்வியே எழாது. பிலிம் வகுப்பில் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மாணவர்கள் செலவழிக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான்கு வேலைகள்

ஈவால்ட் கொடுத்த வேலைகள் நான்கு தலைப்புகளில் அடங்கும்: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் பிராணிகளை எடு, உன் கனவுகளை எடு. படத்தோடு எழுதவும் வேண்டும். படத்துக்கு முன்னாலும் எழுத்து, பின்னாலும் எழுத்து.

‘உன்னை எடு’ என்பது எளிதாகத் தெரியும். டைமர் இல்லாத கேமராவில் அது எளிதே இல்லை. கையை நீட்டித் தன்னைப் பார்த்துப் பிடித்தால் நாலடிக்குள் வந்துவிடும், முகம் கலங்கும். ஆகவே படத்தை முழுவதும் மனதில் அமைத்துவிட்டு, நிற்கும் இடத்தைத் தரையில் குறித்துவிட்டு, தம்பியையோ அம்மாவையோ நிறுத்தி ‘இங்கேயிருந்து, இந்த உயரத்தில், நான் சொல்லும்போது அழுத்து’ என்று சொல்லித்தர வேண்டும். பொத்தானை அழுத்திய விரல் வேறு யாருடையதோ. ஆனாலும் படம் அந்தப் பிள்ளையுடையது. இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் இருக்கும் உறவை எட்டு வயதுப் பிள்ளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. கே1000 வகுப்பில் இந்தப் பாடம் வருவதே இல்லை. அங்கே டைமரும் இல்லை, ‘உன்னை எடு’ என்ற கட்டாயமும் இல்லை.

இந்த வரிசையில் பலரும் அறிந்த படம், பழைய குதிரையின் முதுகில் மல்லாந்து படுத்திருக்கும் பையன். தலைப்பும் அதையேதான் சொல்கிறது: ‘நான் என் பழைய குதிரையின் முதுகில் படுத்திருக்கிறேன்.’ வறுமை பற்றிய படம் இது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. 1964இல் வந்த கேமராக்கள் அதே பையனைக் கண்டிருந்தால் குதிரையிலிருந்து இறக்கித் திண்ணைப்படியில் உட்காரவைத்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கனவு வேலைதான் வகுப்பை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. கனவு கேமராவுக்கு முன்னால் வராது. அதை நடிக்கவைக்க வேண்டும், பொருள்களைத் தேட வேண்டும், நண்பர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டும். ஒரு சிறுமி தன் இரட்டைத் தம்பிகளை வேற்றுக்கிரக ஜந்துக்களாக ஆக்கினாள். ஒரு பையன் தன் நண்பனை மரக்கிளையின் கவட்டையில் உயிரற்றவன்போல் தொங்கவிட்டான். அதற்கு அவன் கொடுத்த தலைப்பு, தன் உயிர் நண்பனைக் கொன்றதாகக் கனவு கண்டேன் என்பது. இந்த ஒரு படத்தை நெடுநேரம் பார்க்கலாம். மரத்தடி நிழலில் எடுத்தால் ஒளி போதாது. ஆகவே இலை அடர்த்தியில்லாத மரம் வேண்டும். உடம்பின் வளைவு தெரிய, பின்னால் வானமோ வெளிச்சமான தரையோ வேண்டும். நண்பன் அசையக் கூடாது. 90இல் ஒரு பங்கு என்பது ஆடும் கையை உறையவைக்கப் போதுமான வேகம் இல்லை. பையன் இதையெல்லாம் இந்த வார்த்தைகளில் யோசித்திருக்க மாட்டான். ஆனால் யோசிக்காமல் அந்தப் படம் வராது.

பின்னாளில் ஈவால்ட் இந்த முறையை ஆசிரியர்களுக்காக வகுத்து எழுதியபோது நுட்பம் என்று பட்டியலிட்டவை சட்டமிடுதல், பார்க்கும் கோணம், நேரம், குறியீடு, நுணுக்கம் ஆகியவை. ஷட்டர், அபெர்ச்சர் என்ற பேச்சு அவற்றில் இல்லை.

இருட்டறை

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ‘நுட்பம் வேண்டாம், பிள்ளைகள் மனசு போதும்’ என்று இந்த வகுப்பைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. கேமராவில் திருக எதுவும் இல்லாததால், திருகல் முழுவதும் இருட்டறைக்குப் போனது. பிள்ளைகள் தாங்களே சுருளைக் கழுவினார்கள், தாங்களே பிரிண்ட் போட்டார்கள். என் பார்வையில் வகுப்பின் முதுகெலும்பு இதுதான்.

126 சுருளைக் கழுவுவதில் ஒரு சௌகரியம் உண்டு. சதுரப் படம் விழுந்தாலும் பிலிமின் அகலம் 35 மி.மீதான். முழு இருட்டில் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜை உடைத்து, கூடவே சுற்றியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டால், சாதாரண 35 மி.மீ ரீலிலேயே ஏற்றிவிடலாம். ஏற்றுவதுதான் பிள்ளைகளுக்குக் கண்டம். வெளிச்சத்தில் வீணான ஒரு சுருளை வைத்துப் பழக்கி, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பழக்கி, அதற்கப்புறமே இருட்டுக்குள் அனுப்புவது எந்த இருட்டறை ஆசிரியரும் செய்யும் காரியம். ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்துக்கு மருந்து போகாது. அங்கே படமே இருக்காது.

ஒளி புகாத டாங்குக்குள் ஏற்றி மூடிய பிறகு விளக்கைப் போடலாம். டெவலப்பர், அதாவது படத்தைத் தெளியவைக்கும் மருந்து, 20 டிகிரி செல்சியஸ். வெப்பம் கூடினால் நேரம் குறையும். 1927இல் கோடாக் வெளியிட்ட டி-76 என்ற டெவலப்பர் இன்றும் பல பள்ளிகளில் ஓடுகிறது என்பதே இந்த வேலை எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதற்குச் சாட்சி. அவ்வப்போது டாங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அசிட்டிக் அமிலம் கலந்த ஸ்டாப் பாத், பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, பிறகு நீண்ட கழுவல். கடைசியில் சோப்புபோன்ற ஒரு துளி, நீர்த்திட்டு விழாமல் காய. வரிசை மாறி ஹைப்போ முதலில் போய்விட்டால் சுருள் கண்ணாடிபோல் ஆகிவிடும். கணக்குப் பாடத்தில் தப்பாகப் போட்டால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். இங்கே மறுபடி கிடையாது, தாத்தாவை அதே மாதிரி மறுபடி உட்காரவைக்க முடியாது.

126 பிலிமில் ஆசிரியருக்கு உதவும் இன்னொரு விஷயம். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு படத்தின் சட்டக்கோடும் எண்ணும் பிலிமில் ஒளியால் பதிக்கப்பட்டுவிடும். கழுவும்போது அவை படத்தோடு சேர்ந்து தெளியும். சட்டக்கோடு நன்றாகத் தெரிந்து நடுவில் படம் இல்லையென்றால், கழுவியதில் பிழையில்லை, கேமராவுக்குள் ஒளி போகவில்லை. சட்டக்கோடே காணாமல் போயிருந்தால் கேமராவைத் திட்டிப் பயனில்லை, மருந்தில்தான் கோளாறு. படத்தில் இருண்ட பகுதிகள் வெறுமையாக, கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. இருண்ட பகுதிகளில் விவரம் இருந்து வெளிச்சப் பகுதிகள் மட்டும் சோகையாக இருந்தால் மருந்தில் கிடந்த நேரம் போதவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று ஆசிரியர் சொல்லத் தேவையே இல்லாமல் நெகட்டிவ் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் கேமராவின் திரை ‘நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை’ என்று சொல்லும். எந்தக் கட்டத்தில் கெட்டது என்று சொல்லாது.

பிரிண்ட் போடுவது இதைவிட மகிழ்ச்சியான வேலை, காகிதத்தைக் கெடுக்காத சேஃப்லைட் வெளிச்சத்தில் முகம் பார்த்துக்கொண்டே செய்யலாம். 28 மி.மீ நெகட்டிவை ஐந்து அங்குலச் சதுரமாக்கினாலே நாலரை மடங்கு பெரிதாகிறது. அதற்கு மேல் போனால் எளிய லென்ஸின் குறைகள் தெரியத் தொடங்கும். முதலில் காகிதத்தின் ஒரு கீற்றில் சில விநாடி இடைவெளிகளில் ஒளி கொடுத்துப் பார்த்து, எத்தனை விநாடி என்று முடிவு செய்வது. பிறகு முழுக் காகிதம். முகம் கறுத்துவிட்டால் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் கருவி) ஒளிக்கு நடுவே கையை ஆட்டி அந்த இடத்துக்கு மட்டும் ஒளியைக் குறைப்பது. வானம் வெளுத்துவிட்டால் மற்ற இடத்தை மறைத்து வானத்துக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது. எடுக்கும்போது இன்ஸ்டமாடிக் மறுத்த அதிகாரத்தைப் பிள்ளைகள் இங்கே திரும்பப் பெற்றார்கள்.

இடையில் 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. பிலிமும் காகிதமும் வெள்ளி உப்பில் செய்தவை, ஆகவே அவற்றின் விலையும் ஏறியது. காகிதத்தை எண்ணிச் செலவழிக்கும் வகுப்பில் ‘எந்த நெகட்டிவ் பிரிண்டுக்குத் தகுதி’ என்ற கேள்விக்குக் கனம் கூடும். தேர்ந்தெடுப்பதும் நுட்பம்தான் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

எதிர்த்துக் கேட்க வேண்டியவை

இதையெல்லாம் சொன்ன பிறகு சில குறைகளையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஆகாது.

வகுப்பின் படங்கள் 1985இல் புத்தகமாக வந்தன. அட்டையில் ஈவால்டின் பெயர். உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த பிள்ளையின் பெயர் உண்டு. அது அன்றைக்கு எல்லோரும் கடைப்பிடித்த வழக்கம் இல்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆறேழு வருடத்து நெகட்டிவ்களிலிருந்து புத்தகத்துக்கு எது போகும் என்று தீர்மானித்தது பயிற்சி பெற்ற ஒரு பெரியவரின் கண். புத்தகத்தைப் பார்த்து ‘மலைப் பிள்ளைகளின் பார்வை’ என்று வியக்கிறவர்கள் பாதி வியப்பை அந்தத் தேர்வுக்குக் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி வந்ததா, சிலருக்கு மட்டும் வந்ததா என்பதும் புத்தகத்தை வைத்து அளக்க முடியாத விஷயம். நன்றாக வந்தவைதான் அச்சேறும்.

கனவு வேலையும் கேள்விக்கு உரியதே. சாவும் சண்டையும் வரும் படங்களை வெளியூர் வாசகர் ‘இந்த மலையில் பிள்ளைகளின் மனம்கூட இப்படி’ என்று வாசித்தால், 1964இன் திண்ணைப் படத்தைச் சுற்றிவளைத்து மறுபடி எடுத்ததாகிவிடும். அந்த அபாயத்தைக் குறைப்பது பிள்ளைகளின் எழுத்து. படங்களை மட்டும் பிய்த்தெடுத்துக் கண்காட்சியில் மாட்டுகிறபோது அது போய்விடுகிறது.

வகுப்பு பலித்ததற்கு மதிப்பெண் சான்று எதுவும் கிடையாது. அதற்குப் பதில் இருப்பது காலம். பல பத்தாண்டுகள் கழித்து ஈவால்ட் அந்த மாணவர்களைத் தேடிப் போனார். அந்த மலைப்பகுதிக்காரரும் அப்பல்ஷாப்பின் படஇயக்குநருமான எலிசபெத் பாரெட்டோடு சேர்ந்து அவர் எடுத்த ஆவணப்படம் 2020இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. புத்தகமும் அதே வருடம் விரிந்த பதிப்பாக வந்தது. 1967 கொலையைப் பற்றி 2000இல் படமெடுத்தவரும் அதே பாரெட்தான் என்பது தற்செயல் இல்லை. யார் கேமராவைப் பிடிப்பது என்ற கேள்வி அந்தக் கவுண்டியில் இன்னும் முடியவில்லை. மாணவர்களைத் திரும்பக் கேட்கப் போனது, இத்தகைய திட்டங்களை நடத்தும் பலரும் செய்யாத காரியம்.

பிறகு

ஈவால்ட் இந்த முறையோடு கொலம்பியாவுக்கும், 1989இல் குஜராத்தின் விச்சியா கிராமத்துக்கும் போனார். 1990 வாக்கில் வட கரோலினாவின் டர்ஹாம் நகரப் பள்ளிகளில், டியூக் பல்கலைக்கழகத்தின் ஆவண ஆய்வு மையத்தோடு சேர்ந்து, ‘புகைப்படம் வழி எழுத்தறிவு’ என்ற திட்டமாக அது வளர்ந்தது. 1992இல் அந்த நகரத்தில் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படித்த நகரப் பள்ளிகளும் சுற்றுவட்டாரப் பள்ளிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதற்குப் பிறகு நடந்த ஒரு வேலையில், மாணவர்கள் தாங்கள் வேறு நிறத்தில் பிறந்திருந்தால் எப்படி இருப்போம் என்று எழுதி, அதுபோல் வேடமிட்டு நின்று, பிறகு நெகட்டிவிலேயே எழுதினார்கள், வரைந்தார்கள். இருட்டறைப் பயிற்சி எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நல்ல உதாரணம். நெகட்டிவ் என்பது தொடக்கூடாத சாட்சியம் இல்லை, வேலைசெய்யக்கூடிய பரப்பு என்று பிள்ளைகளுக்குப் புரிந்திருந்தது.

2000க்குப் பிறகு அவர் செய்த எழுத்துமாலை வேலைகளில் ஒன்று, மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் இருக்கும் பிலிப்ஸ் அகாடமி என்ற உயர்நிலைப் பள்ளியின் மாணவிகளோடு நடந்தது. மாணவிகள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லைத் தேர்ந்தார்கள், காட்சியை அமைத்தார்கள், நெகட்டிவில் எழுதினார்கள். ஆனால் பெரிய கேமராவில் ஷட்டரை அழுத்தியது ஈவால்ட். படங்கள் நேர்த்தியானவை. எனக்கென்னவோ கென்டக்கியின் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனதாகவே படுகிறது. கேமரா சொந்தம், பொருள் சொந்தம், கழுவியது சொந்தக் கை என்று எல்லாம் சேர்ந்திருந்ததால்தான் அந்தக் குதிரைப் படம் வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் கேமராவைக் கொடுத்து, சுருளை வாங்கி லேபுக்கு அனுப்பி, ஒரு மாதம் கழித்துப் பளபளப்பான பிரிண்ட் கொடுக்கும் திட்டங்களில் விட்டுப்போவது இதைவிடப் பெரிய கண்ணி.

இன்று இதை ஒரு உயர்நிலைப் பள்ளி செய்து பார்க்க நினைத்தால் 126 கிடையாது; கோடாக் 1999இல் அதை நிறுத்திவிட்டது. அதற்காகப் பழைய கே1000களைத் தேடி அலையவும் வேண்டாம் என்பேன். 1982இல் ஹாங்காங்கில் வந்த ஹோல்காபோன்ற பிளாஸ்டிக் கேமரா போதும். அதிலும் திருக ஏறக்குறைய எதுவும் இல்லை. அது எடுப்பது 120 சுருள். ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள், ஒவ்வொன்றும் சுமார் 56 மி.மீ. அந்த அளவு நெகட்டிவுக்கு என்லார்ஜரே தேவையில்லை. காகிதத்தின்மேல் நெகட்டிவை வைத்து, அதன்மேல் கண்ணாடியை அழுத்தி, ஒரு பல்பைச் சில விநாடி போட்டால் கையடக்கப் பிரிண்ட் கிடைக்கும். ஜன்னலை அடைத்த ஓர் அறை, கழுவ ஒரு டாங்கு, மூன்று டிரே, ஒரு சிவப்பு விளக்கு, குழாய்த் தண்ணீர். செலவில் பெரும்பங்கு சுருளுக்கும் காகிதத்துக்கும் போகும். அதில் சிக்கனம் வேண்டுமென்றால் மாணவர் ஒருவருக்குப் பருவத்துக்கு மூன்று சுருள் என்று வைக்கலாம். கழுவும் வேலையை மட்டும் யாரும் லேபுக்கு மாற்றிவிடக் கூடாது.